ஆப்பிள் வாசலில் ஆண்டுச் சந்தா

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்றால் நம்மில் பலர் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியோ, பேராசிரியர்களுக்கு நாம் வைத்த பட்டப் பெயர்களைப் பற்றியோ எழுதிவிடுவோம். அதற்கு நம் சங்கத்தில் என்னைவிடச் சிறந்த ஆட்கள் இருக்கிறார்கள். நான் என் தொழிலோடு ஒட்டிய ஒரு சின்ன விஷயத்தின் வரலாற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி, தன் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுத வருகிறவர்களிடம் வருஷா வருஷம் வாங்கும் சந்தாவைப் பற்றிய வரலாறு. கம்பெனி ஆப்பிள். சந்தா 99 டாலர்.

"இதில் என்னய்யா வரலாறு இருக்கிறது?" என்று சிவில் நண்பர்களும் மெக்கானிக்கல் நண்பர்களும் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். நாம் ஒரு ஸ்கூட்டர் வாங்குகிறோம், கம்பெனிக்குக் காசு கொடுக்கிறோம். நியாயம். அந்த ஸ்கூட்டருக்கு சீட் கவர் தைத்துக் கொடுக்கிற கடைக்காரரும் கம்பெனிக்கு வருஷச் சந்தா கட்ட வேண்டும் என்றால்? கட்டாவிட்டால் அவர் தைத்த கவர் அந்த சீட்டில் மாட்டவே மாட்டாது என்றால்? சண்டைக்குப் போவோம் இல்லையா? ஐபோன் உலகத்தில் 2008-லிருந்து ஏறத்தாழ இதுதான் நடைமுறை. யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. அதற்கு முன்பும் சந்தா உண்டு. ஆனால் அது வேறு ரகம். ஒன்று எப்படி மற்றொன்றாக மாறியது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தேடிப் போய் அழைத்த காலம்

1984 ஜனவரியில் மாக்கின்டாஷ் வந்தது. விலை 2,495 டாலர். மவுஸைப் பிடித்து இழுத்தால் படம் வரையலாம், விதவிதமான எழுத்துருவில் கடிதம் எழுதலாம். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் மாக்ரைட், மாக்பெயின்ட் என்ற இரண்டு புரோகிராம்களை விட்டால் அன்றைக்கு அதில் ஓட்டிப் பார்க்க அதிகம் கிடையாது. எதிர்முகாமில் ஐ.பி.எம். பி.சி. 1981-லேயே வந்து வேரூன்றிவிட்டது. லோட்டஸ் 1-2-3-க்காகவே பி.சி. வாங்கிய ஆபீஸ்கள் ஏராளம். புரோகிராம் இல்லாத கம்ப்யூட்டர், அரிசி இல்லாத வீட்டில் குக்கர் மாதிரிதான்.

இதை உணர்ந்த ஆப்பிள், ஆள் விட்டுத் தேடியது. மைக் பாயிச், கை கவாசாகி போன்றவர்களுக்கு அங்கே கொடுத்த பதவிப் பெயரே "எவாஞ்சலிஸ்ட்". அதாவது பிரசாரகர். சாஃப்ட்வேர் கம்பெனிகளின் வாசல் வாசலாகப் போய், "எங்கள் மெஷினுக்கு எழுதுங்கள்" என்று கேட்டுக்கொள்வதுதான் அவர்கள் வேலை.

எழுதுவது அத்தனை சுலபமாக இல்லை என்பது வேறு கதை. ஆரம்பத்தில் மாக்கின்டாஷுக்கான புரோகிராமை மாக்கின்டாஷிலேயே உருப்படியாக எழுத முடியவில்லை. ஆப்பிளின் இன்னொரு கம்ப்யூட்டரான லிசா வேண்டும். 1983-ல் வந்தபோது லிசாவின் விலை 9,995 டாலர். அடுத்த ஆண்டே விலை நன்றாக இறங்கியது என்றாலும், நுழைவுக் கட்டணம் என்று சொன்னால் அன்றைக்கு அதுதான் கட்டணம்.

மெஷினின் உள் ரகசியங்களை விளக்க "இன்சைட் மாக்கின்டாஷ்" என்ற கையேடு. அதை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கரோலின் ரோஸ். முதலில் தனித்தனித் தாள்களாக வந்தது. 1985-ல் டெலிபோன் டைரக்டரி மாதிரி மெல்லிய தாளில், தடித் தடியாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். பிறகு அடிசன்-வெஸ்லி பதிப்பகம் ஒழுங்கான புத்தகங்களாக வெளியிட்டது. இதை நான் விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புத்தகக் கடையில் காசு கொடுக்கிற யாரும் அந்த மெஷினுக்கு எழுதக் கற்றுக்கொள்ளலாம். "நீ யார், மெம்பரா?" என்று கேட்க ஆள் கிடையாது.

சந்தா என்ற ஏற்பாடும் 1980-களின் நடுவிலேயே வந்துவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் பயனாளர்கள் நடத்திவந்த ஒரு கூட்டுறவுச் சங்கம், ஆப்பிளோடு சேர்ந்து ஏ.பி.டி.ஏ. என்ற அமைப்பை நடத்தியது. சிறிய ஆண்டுச் சந்தா கட்டினால் கையேடுகள், கருவிப் புரோகிராம்கள், இன்னும் முழுமையடையாத சோதனைப் பதிப்புகள் எல்லாம் தபாலில் வாங்கலாம். நம் ஊர் கூட்டுறவு பண்டகசாலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சில ஆண்டுகளில் ஆப்பிளே அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

தபாலில் வந்த வட்டு

1980-களின் கடைசியில் படிப்பை முடித்து, சென்னையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மாக்கின்டாஷ் புரோகிராம் எழுதித் தருவது எங்கள் வேலை. இந்த வரலாற்றின் நடுப்பகுதியைக் கிட்டத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு அப்படித்தான் கிடைத்தது.

அப்போது ஆப்பிளின் சந்தாதாரர்களுக்கு வந்த பொருள்களில் இரண்டு மறக்க முடியாதவை. ஒன்று சி.டி. 1989-ல் வந்த முதல் வட்டுக்கு "ஃபில் அண்ட் டேவ்ஸ் எக்ஸலன்ட் சி.டி." என்று பெயர். அந்த ஆண்டு வந்த ஒரு ஹாலிவுட் படத்தின் தலைப்பைக் கிண்டல் செய்து வைத்தது. அதற்குப் பிறகு வந்த வட்டுகளுக்கும் இதே மாதிரி குறும்புப் பெயர்கள்தான். இன்னொன்று "டெவலப்" என்ற பத்திரிகை. 1990-ல் தொடங்கி 1997 வரை வந்தது. கம்பெனிப் பத்திரிகை என்றால் பொதுவாக முதலாளி ரிப்பன் வெட்டும் படம்தான் இருக்கும். இது அப்படியில்லை. மெஷினை வடிவமைத்த எஞ்சினியர்களே உட்கார்ந்து, "இதை இப்படி எழுது, அப்படி எழுதினால் மாட்டிக்கொள்வாய்" என்று சொல்லித் தந்த பத்திரிகை. எங்கள் ஆபீஸில் ஒரு பிரதி ஆறேழு கை மாறி, அட்டை கிழிந்து, டேப் ஒட்டித்தான் அலமாரிக்குப் போகும்.

ஒரு தனி ஆள் இந்தியாவிலிருந்து இந்தச் சந்தாவைக் கட்டுவது நடக்கிற காரியமாக இல்லை. கிரெடிட் கார்டை நீட்டி டாலர் கட்டும் காலம் அல்ல அது. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் நடப்பில் இருந்தது. 2000 ஜூனில்தான் அதற்குப் பதில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. அதனால் சந்தா என்றால் கம்பெனி கட்டும், நாங்கள் படிப்போம். அவ்வளவுதான்.

ஆனால் கவனியுங்கள். சந்தா கட்டாதவன் கை கட்டி நிற்க வேண்டிய நிலை அன்று இல்லை. 1986-ல் லைட்ஸ்பீட் சி என்ற கம்பைலர் வந்தது. அது ஆப்பிளுடையது அல்ல, வேறு கம்பெனியுடையது. 1994-ல் மெட்ரோவெர்க்ஸ் கம்பெனியின் கோட்வாரியர் வந்து சக்கைப்போடு போட்டது. அதுவும் வெளியார் சரக்கு. ஒருவர் கடையில் கம்பைலர் வாங்கி, புத்தகம் பார்த்துப் புரோகிராம் எழுதி, ஃபிளாப்பியில் காப்பி எடுத்து விற்கலாம். "பிடித்திருந்தால் பத்து டாலர் அனுப்புங்கள்" என்று முகவரியை மட்டும் போட்டு ஊரெல்லாம் சுற்றவிட்டாலும் சரி. அதற்கு ஷேர்வேர் என்று பெயர். ஆப்பிளுக்கு ஒரு சென்ட் கட்டாமல் ஆயுள் முழுக்க மாக்கின்டாஷ் புரோகிராம் எழுதியே பிழைக்கலாம். அப்படிப் பிழைத்தவர்கள் உண்டு.

ஆக, சந்தா என்பது உதவிக்கான விலை. உதவி வேண்டும் என்றால் கட்டு, வேண்டாம் என்றால் உன் சாமர்த்தியம்.

மூன்று வகுப்பு டிக்கெட்

1990-களின் இறுதியில் இந்த ஏற்பாடுகளுக்கு ஆப்பிள் டெவலப்பர் கனெக்ஷன் என்ற பெயர் வந்தது. ரயில் டிக்கெட் மாதிரி வகுப்புகள். ஆன்லைன் உறுப்பினர் என்றால் இலவசம். மாணவர்களுக்கு 99 டாலர். செலக்ட் வகுப்புக்குச் சுமார் 500 டாலர். பிரீமியர் வகுப்புக்குச் சுமார் 3,500 டாலர்.

மேல் வகுப்பில் என்ன கிடைக்கும்? வரப்போகும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் முன்பதிப்புகள் கிடைக்கும். சிக்கல் வந்தால் ஆப்பிள் எஞ்சினியரிடமே கேட்கலாம். செலக்டுக்கு வருஷத்துக்கு 2 கேள்வி, பிரீமியருக்கு 8. புது மெஷின் தள்ளுபடியில் வாங்கலாம். பிரீமியர் ஆளுக்கு, ஆண்டுதோறும் கலிஃபோர்னியாவில் நடக்கும் டெவலப்பர் மாநாட்டுக்கு ஒரு டிக்கெட்டும் உண்டு. 99 டாலர் மாணவர் சந்தாவில் சேர்ந்தால், மெஷின் தள்ளுபடியை ஒரே ஒரு முறை பயன்படுத்தலாம். அதில் மிச்சமாகிற காசு சந்தாவைவிட அதிகம் என்பதால், ஒரு வரி புரோகிராம்கூட எழுதாத மாணவர்களும் சேர்ந்தார்கள். நம் பசங்க புத்தி எந்த நாட்டிலும் ஒன்றுதான்!

இதே சமயத்தில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. 2001 மார்ச்சில் மாக் ஓ.எஸ். எக்ஸ் வந்தபோது, புரோகிராம் எழுதும் கருவிகள் அடங்கிய சி.டி.யையும் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். 2003-ல் அதன் அடுத்த அவதாரமாக எக்ஸ்கோட் வந்தது. அதுவும் இலவசம். 1983-ல் போர்லண்ட் கம்பெனி டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு விற்றபோது "இவ்வளவு மலிவா!" என்று உலகமே வியந்தது. இருபது ஆண்டில் விலை சைபருக்கு இறங்கிவிட்டது.

கருவி இலவசம், கட்டணம் விருப்பம் இருந்தால் மட்டும். யோசித்துப் பார்த்தால், ஆப்பிளுக்குப் புரோகிராம் எழுதுகிறவனுக்கு அந்த ஆறேழு ஆண்டுகள்தான் பொற்காலம் என்பேன்.

2008 மார்ச் 6

2007 ஜூன் 29 அன்று ஐபோன் கடைக்கு வந்தது. அதில் வெளியார் புரோகிராம் எதையும் ஏற்ற முடியாது. இணையப் பக்கமாக எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். புரோகிராமர்கள் விடவில்லை. பூட்டை உடைத்து உள்ளே புகுந்து எழுதத் தொடங்கினார்கள். அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் இறங்கி வந்து, வெளியாருக்கும் வழி திறக்கப்படும் என்று அறிவித்தார். 2008 மார்ச் 6 அன்று விவரம் வெளியானது.

கருவிகள் இலவசம். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பொய் ஐபோனை வைத்து ஓட்டிப் பார்ப்பதும் இலவசம். ஆனால் எழுதியதை நிஜமான போனில் ஏற்ற வேண்டும், ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் வருஷத்துக்கு 99 டாலர். தன் ஊழியர்களுக்கு மட்டும் புரோகிராம் கொடுக்கிற கம்பெனிக்கு 299 டாலர். விற்ற காசில் 70 சதவீதம் எழுதியவருக்கு, 30 சதவீதம் ஆப்பிளுக்கு. இலவசப் புரோகிராம் என்றால் ஆப்பிளும் எதுவும் கேட்காது.

சும்மா சொல்லக் கூடாது, பெரும்பாலோர் கைதட்டி வரவேற்றார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. அதுவரை ஒரு சின்ன ஆள் தன் புரோகிராமைக் கடைக்குக் கொண்டுபோவது என்றால் சி.டி. அடிக்க வேண்டும், அட்டைப் பெட்டி செய்ய வேண்டும், விநியோகஸ்தர் காலில் விழ வேண்டும். கடைக்காரர் கமிஷன், கிரெடிட் கார்டு கமிஷன் போகக் கைக்கு என்ன வரும் என்பது நிச்சயமில்லை. இப்போது 99 டாலரில் உலகம் முழுவதும் கடை! 2008 ஜூலை 10 அன்று ஆப் ஸ்டோர் திறந்தது. முதல் நாள் சரக்கு 500 புரோகிராம்கள். முதல் வார இறுதிக்குள் ஒரு கோடி டவுன்லோடு. ஸ்டீவ் டெமெட்டர் என்ற தனி ஆள் எழுதிய டிரிஸம் என்ற விளையாட்டு, இரண்டே மாதத்தில் இரண்டரை லட்சம் டாலர் சம்பாதித்ததாகச் செய்தி வந்தது. எங்கள் தொழிலில் அந்த வருஷம் பலபேர் ராத்திரி தூங்கவில்லை.

500 டாலரிலிருந்து 99 டாலர். விலை குறைந்தது என்பதை எல்லோரும் பார்த்தார்கள். வாங்குகிற பொருள் மாறிவிட்டது என்பதை அன்றைக்குப் பார்த்தவர்கள் குறைவு.

முத்திரை என்ற சூட்சுமம்

ஐபோன் ஒரு புரோகிராமை ஓட்டுவதற்கு முன்னால் அதன் மேல் ஒரு மின்னணுக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கும். அந்தக் கையெழுத்தைப் போட ஆப்பிள் கொடுத்த சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வேண்டுமானால் உறுப்பினராக வேண்டும். உறுப்பினராக 99 டாலர். கையெழுத்து இல்லாத புரோகிராம், சென்சார் சர்டிபிகேட் இல்லாத சினிமா மாதிரி. படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தியேட்டரில் திரை விலகாது.

இந்த யோசனை ஆப்பிளின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. வீடியோ கேம் உலகத்தில் 1983 வாக்கில் யார் வேண்டுமானாலும் விளையாட்டு எழுதி விற்று, குப்பை மலிந்து, அமெரிக்கச் சந்தையே படுத்துவிட்டது. 1985-ல் அமெரிக்காவுக்கு வந்த நின்டெண்டோ, தன் பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப்பை வைத்தது. தான் அனுமதித்த கேட்ரிட்ஜில் மட்டுமே அதற்கு ஜோடிச் சிப் இருக்கும். ஜோடி சேராவிட்டால் விளையாட்டு ஓடாது. இருபத்து மூன்று ஆண்டுக்குப் பிறகு ஆப்பிள் செய்தது, இந்தப் பூட்டைப் போனுக்குக் கொண்டுவந்ததுதான்.

பிறகு அது மாக்கின்டாஷ் பக்கமும் மெல்ல நகர்ந்தது. 2010 மார்ச்சில் செலக்ட், பிரீமியர் வகுப்புகளை எடுத்துவிட்டு மாக் சந்தாவையும் 99 டாலர் ஆக்கினார்கள். மெஷின் தள்ளுபடி போயிற்று. 2012-ல் கேட்கீப்பர் வந்தது. பெயரே வாசல்காப்போன்! கையெழுத்தில்லாத புரோகிராமைத் திறந்தால் மாக் எச்சரித்துத் தடுக்கும். 2019-லிருந்து, கடைக்கு வெளியே கொடுக்கிற புரோகிராமையும் ஆப்பிளுக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்க வேண்டும் என்றாயிற்று. மாக்கில் இன்னமும் பயனாளர் மெனக்கெட்டால் முத்திரையில்லாத புரோகிராமை ஓட்டலாம். ஆனால் அந்தச் சந்து வருஷத்துக்கு வருஷம் குறுகிக்கொண்டுதான் வருகிறது.

2015-ல் ஐபோன், மாக், கடிகாரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சந்தா ஆனது. அதே 99 டாலர். சந்தா கட்டாதவரும் தன் சொந்தப் போனில் தன் புரோகிராமை ஏற்றிப் பார்க்கலாம் என்றும் அந்த ஆண்டு அனுமதித்தார்கள். மாணவர்களுக்கு இது பெரிய உபகாரம். ஆனால் ஏழு நாள் கெடு. எட்டாம் நாள் புரோகிராம் திறக்காது, மறுபடி ஏற்ற வேண்டும். யோசித்துப் பாருங்கள். போன் நம்முடையது, கம்ப்யூட்டர் நம்முடையது, எழுதிய மூளை நம்முடையது. கெடு மட்டும் அவர்களுடையது.

ஆயுள் சந்தாவா, ஆண்டுச் சந்தாவா?

நம் சங்கப் பொதுக்குழுவில் தவறாமல் வரும் சர்ச்சை இது. பொருளாளருக்கு ஆண்டுச் சந்தா பிடிக்கும், உறுப்பினர்களுக்கு ஆயுள் சந்தா பிடிக்கும். மென்பொருள் உலகத்தில் கூகிள் ஆயுள் சந்தாக் கட்சி. 2008-ல் ஆண்ட்ராய்டு கடையைத் திறந்தபோது ஒரே முறை 25 டாலர் என்றார்கள், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் தன் போனுக்கு முதலில் ஆண்டுக்கு 99 டாலர் வாங்கிப் பார்த்தது. பிறகு ஒரே முறை கட்டும் சிறு தொகையாகக் குறைத்தது. 2025-ல் விண்டோஸ் கடையில் தனிநபர்களுக்குப் பதிவுக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. ஆப்பிள் மட்டும் ஆண்டுச் சந்தாவை விடவில்லை.

நாம் சங்கச் சந்தாவைக் கட்டத் தவறினால் என்ன ஆகும்? மலர் வராது, செயலாளர் போன் செய்து நச்சரிப்பார். நாம் வாங்கிய பட்டம் செல்லாமல் போய்விடாது. ஆப்பிள் சந்தா காலாவதியானால், உங்கள் புரோகிராமைக் கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே ஏற்றியவர்களின் போனில் அது ஓடும். புதிதாக யாருக்கும் கிடைக்காது.

காசு பார்க்கிற கம்பெனிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. கஷ்டம் யாருக்கு என்றால், சும்மா கொடுக்கிறவருக்கு. ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர், குழந்தைகள் அ, ஆ எழுதிப் பழக ஒரு புரோகிராம் செய்து இலவசமாகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை எழுதினார், வேலை முடிந்தது. ஆனால் அது கடையில் இருக்க வேண்டுமானால் வருஷா வருஷம் 99 டாலர். பத்து வருஷத்தில் 990 டாலர் அவர் கையிலிருந்து. அவர் கட்ட மறந்தாலோ, முடியாமல் போனாலோ, காலமாகிவிட்டாலோ, அந்தப் புரோகிராமும் கடையில் இருக்காது. அவர் அதையே ஒரு புத்தகமாகப் போட்டிருந்தால் ஏதாவது ஒரு நூலகத்தில் தூசு படிந்தாவது இருக்கும். 2018-லிருந்து லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும், கல்வி நிறுவனங்களுக்கும், அரசுத் துறைகளுக்கும், முதலில் அமெரிக்காவிலும் பிறகு வேறு சில நாடுகளிலும், கட்டண விலக்கு தருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் நம் ஆசிரியர் தனி ஆள். தனி ஆளுக்கு அந்த விலக்கு கிடையாது.

ரூபாய்க் கணக்கு

99 டாலர் 2008-லிருந்து மாறவே இல்லை என்று ஆப்பிள் அபிமானிகள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் எடுத்தால் 2008-ன் 99 டாலர், 2024-ல் 140 டாலருக்கும் மேல். அதாவது அமெரிக்கருக்குச் சந்தா உண்மையில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

நம் கணக்கு வேறு. 2008 மார்ச்சில் டாலர் சுமார் 40 ரூபாய். 99 டாலர் என்றால் ஏறத்தாழ 4,000 ரூபாய். 2024-ல் டாலர் 83 ரூபாயைத் தாண்டியபோது அதே சந்தா 8,000 ரூபாய்க்கும் மேல். நம் சம்பளமும் ஏறியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஐ.டி. கம்பெனி எஞ்சினியருக்கு அது ஒரு நாள் ஓட்டல் செலவு. ஆனால் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு கிராமத்துப் பையனுக்கு? அமெரிக்க மாணவன் பாக்கெட் மணியில் கட்டுகிற தொகையை, நம் பையன் வீட்டில் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. உலகத்துக்கெல்லாம் ஒரே விலை என்பது காகிதத்தில் சமத்துவம்தான். பையில் கையை விட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

பணத்துக்காகவா?

ஆப்பிள் பேராசைக்காரன் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2024 நிதியாண்டில் ஆப்பிளின் மொத்த விற்பனை சுமார் 39,100 கோடி டாலர். பத்து லட்சம் பேர் சந்தா கட்டினாலும் வருவது 9.9 கோடி டாலர். ஆயிரத்தில் கால் பங்கு! இந்தக் காசை நம்பியா ஆப்பிள் அடுப்பு எரிகிறது?

அவர்கள் தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். காசு கட்டுகிறவன் தன் பெயரையும் முகவரியையும் காட்டித்தான் ஆக வேண்டும். அதனால் திருட்டுப் புரோகிராம் அனுப்பினால் பிடிப்பது எளிது. 99 டாலர் தடுப்பு இல்லாவிட்டால் குப்பை வந்து குவியும். நின்டெண்டோ காலத்துப் பாடம் பொய்யில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் கையில் போனைக் கொடுத்துவிட்டு ஓரளவு நிம்மதியாக இருக்க முடிகிறதென்றால், அதில் இந்த முத்திரைக்கும் பங்கு உண்டு. 2021 ஜனவரியிலிருந்து, ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கிறவர்களிடம் 30 சதவீதத்துக்குப் பதில் 15 சதவீதம்தான் எடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

ஆனால் முத்திரையைக் கொடுக்கிற கைதானே அதைப் பறிக்கவும் செய்யும்? 2020 ஆகஸ்ட் 13 அன்று எபிக் கேம்ஸ் கம்பெனி, ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் ஆப்பிளைத் தாண்டித் தானே பணம் வாங்கும் வழியை வைத்தது. அன்றைக்கே விளையாட்டு கடையிலிருந்து போயிற்று. எபிக் வழக்குப் போட்டது. ஆகஸ்ட் 28 அன்று எபிக்கின் டெவலப்பர் உறுப்பினர் கணக்கையே ஆப்பிள் ரத்து செய்தது. அதன் மற்ற புரோகிராமர்கள் பயன்படுத்தும் அன்ரியல் எஞ்சின் மீது கை வைக்கக் கூடாது என்று நீதிபதி இவான் கொன்சாலெஸ் ராஜர்ஸ் அதற்கு முன்பே தடுத்துவிட்டார். 2021 செப்டம்பர் தீர்ப்பில் பெரும்பாலான வாதங்களில் ஆப்பிளே வென்றது. ஃபோர்ட்நைட் அமெரிக்க ஐபோனுக்குத் திரும்ப 2025 மே ஆயிற்று. கோடிக்கணக்கில் புரளும் எபிக் கட்டியதும், நம் அ-ஆ ஆசிரியர் கட்டுவதும் ஒரே 99 டாலர் சந்தாதான். எபிக்கிடம் வக்கீல் பட்டாளம் இருந்தது. ஆசிரியரிடம் என்ன இருக்கிறது?

ஐரோப்பிய யூனியன் 2024 மார்ச்சிலிருந்து ஐபோனில் வேறு கடைகளுக்கும் வழி திறக்கச் செய்தது. அந்தக் கடைகளில் விற்கவும் ஆப்பிள் உறுப்பினராகத்தான் இருக்க வேண்டும். கடை மாறியது, முத்திரை மாறவில்லை. தாராளம் என்று பெயர் வாங்கிய கூகிளும், கடைக்கு வெளியே ஆண்ட்ராய்டு புரோகிராம் கொடுக்கிறவர்கள் தங்கள் அடையாளத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்றும், 2026-ல் சில நாடுகளில் இது தொடங்கும் என்றும் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறதல்லவா?

இளைய நண்பர்களுக்கு

இந்த மலரைப் படிக்கிற ஜூனியர்களில் சிலராவது ஐபோனுக்கு எழுதப் போகிறவர்கள். உங்களுக்கு நான் சொல்வது: சந்தாவைக் கட்டுங்கள். கொடுத்த காசுக்கு மோசமில்லை. மாநாட்டுப் பாடங்களைக் கேட்க முன்பு 1,599 டாலர் கொடுத்து கலிஃபோர்னியா போனவர்கள் உண்டு. 2020-லிருந்து வீட்டில் உட்கார்ந்தே சும்மா பார்க்கலாம். எங்களுக்கு டேப் ஒட்டிய பத்திரிகையில் கிடைத்ததைவிட நூறு மடங்கு உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஆனால் எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டுங்கள். எங்கள் காலத்தில் கட்டியது கற்றுக்கொள்ள. நீங்கள் கட்டுவது உள்ளே விட. ஒப்பந்தத்தை "சம்மதம்" என்று தட்டிவிடாமல், ஒரு முறையாவது முழுக்கப் படியுங்கள். ஒரே வாசலை நம்பிக் குடும்பத்தை நடத்தாதீர்கள். செய்ததை இணையத்திலும் ஒரு வடிவத்தில் வையுங்கள். வாடிக்கையாளர் முகவரிகள் உங்கள் கையில் இருக்கட்டும். ஊருக்கு இலவசமாகக் கொடுக்கிற புரோகிராம் என்றால் அதன் மூல வரிகளையும் வெளியிட்டுவிடுங்கள். உங்கள் சந்தா நின்றாலும் இன்னொருவர் எடுத்துத் தொடர அப்போது வழி இருக்கும்.

இதில் எனக்கு மாற்றுக் கருத்து சொல்ல ஆசைப்படுகிறவர்கள், குறிப்பாக நம் எலெக்ட்ரானிக்ஸ் அணியினர், சந்திப்பு நாளன்று தேநீர் இடைவேளையில் என்னைப் பிடிக்கலாம். அப்படியே சங்கத்தின் இந்த ஆண்டுச் சந்தாவையும் பொருளாளரிடம் கட்டிவிடுங்கள்.